ஆணை பெறாத தலைவர்கள்: மட்டக்களப்பு வாவிநாட்டிற் கீழ்நிலைப் படைப்பதவிகளின் வரலாறு

படைகளின் வரலாறு எழுதப்படும்போது அரசரும் தளபதியருமே ஏட்டில் இடம்பெறுவது வழக்கம். கோட்டையைக் கட்டியவன் பெயரும் அதனைக் கைப்பற்றியவன் பெயரும் கல்லிலும் செப்பிலும் பொறிக்கப்படுகின்றன. ஆனால், இருபது வீரரை அழைத்துக்கொண்டு காட்டுவழி நடந்தவன் யார், இரவுக் காவலை எண்ணிப் பார்த்தவன் யார், மேலிடத்துக் கட்டளையை ஊராருக்கு விளங்கும் மொழியிற் சொன்னவன் யார் என்னும் வினாக்களுக்கு ஏடுகள் விடை தருவது அரிது. குடிமக்கள் தம் வாழ்நாளில் ஆட்சியை நேரிற் கண்டது இத்தகைய கீழ்நிலைத் தலைவரின் முகத்திலேயே எனலாம்.

ஐரோப்பியப் படைகளில் இவ்வகைத் தலைவர் தனி வகுப்பினராக எண்ணப்பட்டனர். அரசனின் ஆணைப் பத்திரத்தைப் பெற்றுப் பதவியேற்றோர் மேல் வகுப்பினர். அப்பத்திரம் பெறாது, போர்வீரர் நடுவிலிருந்தே உயர்த்தப்பட்டுச் சார்ஜன், கோப்ரல் முதலிய பெயர்களைத் தாங்கியோர் கீழ் வகுப்பினர். இலங்கையில் அந்நியர் ஆட்சி நிலவிய காலத்து ஊர்ப்படைகளிலும் இவ்வேறுபாடு காணப்பட்டது. அப்பதவிகளின் பெயர்கள் எங்கிருந்து வந்தன, யாருக்குப் பயன்பட்டன, இறுதியில் எங்கே சென்றடைந்தன என்பவற்றை மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நாட்டினை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

குடிப்பெயர்களிற் படைநினைவு

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை எனவும் மேல்கரை படுவான்கரை எனவும் வழங்கும். இவ்விரு கரைகளிலும் வாழும் மக்களிடையே தாய்வழி வரும் குடிமுறை நெடுங்காலம் நிலைபெற்றது. முக்குவரிடையே வழங்கும் குடிப்பெயர்களில் ‘படையாண்ட குடி’, ‘பணிக்கனா குடி’ என்னும் இரண்டும் ஈண்டு கருதத்தக்கன. முன்னதன் பொருள் வெளிப்படை. பின்னதற்கு அடியாகிய பணிக்கர் என்னும் சொல் கேரளத்திற் படைக்கலப் பயிற்சி அளிக்கும் ஆசிரியரையும், மட்டக்களப்பில் யானை பிடிக்கும் வல்லுநரையும் குறித்து வழங்கியதாகும். முக்குவருக்கும் திமிலருக்கும் நிகழ்ந்ததாகக் கூறப்படும் போரின் செய்தியும் மட்டக்களப்பு மரபுக் கதைகளில் முதன்மை பெற்றுள்ளது. 1962 ஆம் ஆண்டு எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து வெளியிட்ட ‘மட்டக்களப்பு மான்மியம்’ இத்தகைய மரபுகள் பலவற்றைத் தொகுத்துத் தருவதாகும்.

மரபுக் கதைகளை அப்படியே வரலாறாகக் கொள்ளல் பொருந்தாது. எனினும், ஒரு செய்தி இவற்றால் தெளிவாகின்றது. இந்நாட்டில் ஆயுதந் தாங்கிய பணி தனியொரு கூலிப்படையின் தொழிலாக அன்றிக் குடியொன்றின் பெருமையாகவும் உரிமையாகவும் நினைக்கப்பட்டது. பற்றுக்களின் தலைவராகிய வன்னியனாரும் நிலக்கிழாராகிய போடியாரும் இக்குடிகளின் வலிமையாலேயே தலைமை பெற்றனர். கோயிலிலே குடிக்குரிய வரிசையும் முறையும் எவ்வாறு வகுக்கப்பட்டனவோ, அவ்வாறே தலைமையும் குடியினின்றே தோன்றியது. வெளியிலிருந்து ஒருவன் பத்திரம் எழுதித் தலைவனை ஆக்கும் வழக்கம் பின்னரே வந்தது.

கோட்டையும் லஸ்கரீன் படையும்

அவ்வழக்கத்தைக் கொணர்ந்தவர் போர்த்துக்கேயர். 1628 ஆம் ஆண்டிலே தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த சா புளியந்தீவிற் கோட்டை அமைத்தான். கண்டியரசனுக்குக் கிழக்குக் கடல்வழி கிட்டாதபடி அடைத்துவிடுவதே அவனது நோக்கம். இலங்கையில் அவனுடைய படைபலத்தின் பெரும்பகுதி போர்த்துக்கேயர் அல்லர். உள்நாட்டு மக்களைக் கொண்ட லஸ்கரீன் படையினரே. பாரசீக மொழியிற் படை எனப் பொருள்படும் ‘லஷ்கர்’ என்னும் சொல்லே போர்த்துக்கேயர் வாயில் லஸ்கரீன் ஆயிற்று.

கரைநாடுகளில் இயங்கிய இப்படையின் ஒழுங்கு படிமுறையானது. கோறளை ஒன்றன் வீரருக்கு முதலியார் தலைவர். அவருக்கு அடுத்தவர் முகாந்திரம். ஏறத்தாழ இருபது முதல் முப்பது பேர் கொண்ட சிறு கூட்டம் சிங்களத்தில் ‘ரஞ்சுவ’ எனப்படும். அதன் தலைவன் ஆராச்சி. ஆராச்சிக்குக் கீழே நின்று வீரரை நேரில் நடத்தியவன் கங்காணி. பிற்காலத்தில் முதலியார் பதவி தேசாதிபதியின் நியமனப் பத்திரத்தால் வழங்கப்பட்டது. ஆராச்சியும் கங்காணியுமோ வீரரோடு உண்டு, வீரரோடு நடந்து, வீரரின் ஊரிலேயே வாழ்ந்தவர். மேனாட்டுப் படைகளின் சார்ஜனுக்கும் கோப்ரலுக்கும் ஒப்பானவர் இவர்களே.

இப்பெயர்களின் சொற்பொருளை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். முதலி என்பது முதல்வன் என்னும் பொருளது. ஆராச்சி என்பது ஆராய்ச்சி என்னும் தமிழ்ச் சொல்லோடு உறவுடையதாகக் கருதப்படுகின்றது. விசாரிப்பவன் என்பது கருத்து. கங்காணி என்பது கண்காணிப்பவன். முதல்வன் ஆணையிட, அடுத்தவன் விசாரிக்க, அதற்கடுத்தவன் கண்ணாய் இருந்து காண்கின்றான். ஆட்சி தன் குடிகளிடம் எதனை எதிர்பார்த்தது என்பது இப்பெயர் வரிசையிலேயே அடங்கியுள்ளது.

ஆயின், மேலிடத்தின் கண்ணாக அமைக்கப்பட்டவர் எப்போதும் மேலிடத்தாரின் கண்ணாகவே இருந்தனரா? மட்டக்களப்புக் கோட்டை எழுந்து இரண்டே ஆண்டுகளில் விடை கிடைத்தது. 1630 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் த சா ஊவா நாட்டின்மீது படையெடுத்துத் திரும்பும்போது, அவனுடைய முதலிமார் நால்வர் தம் லஸ்கரீன்களோடு கண்டியர் பக்கஞ் சேர்ந்தனர். றந்தெனிவெலப் போரில் அவன் உயிரிழந்தான். முதலிமார் இரகசியமாய் உடன்பட்டமை மட்டும் அப்படையைத் திருப்பியிருக்க இயலாது. கூட்டம் கூட்டமாக வீரரை நடத்தியோர் மனம் மாறாதிருந்தால் அம்மாற்றம் களத்தில் நிகழ்ந்திராது. பதவி அந்நியன் தந்ததாயினும் பற்று ஊரிலேயே வேரூன்றியிருந்தது.

ஒல்லாந்தரும் அவருடன் வந்த ஜேர்மானியரும்

1638 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆம் நாள், இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தத் தளபதி வெஸ்தர்வோல்ட் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினான். ஐந்து நாட்களின்பின், மே 23 இல், அரசனும் அவனும் செய்த உடன்படிக்கை இலங்கை வரலாற்றின் போக்கையே மாற்றிற்று. பின்னர்க் கைவிடப்பட்டிருந்த இக்கரையை 1668 இல் ஒல்லாந்தர் மீண்டும் தமதாக்கினர். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரைநாடு முழுவதும் அவர்க்கு உரிமையாயிற்று.

ஒல்லாந்தக் கம்பெனியின் படையில் இருந்தோர் அனைவரும் ஒல்லாந்தர் அல்லர். அவருட் பெருந்தொகையினர் ஜேர்மானிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். நூரென்பேர்க் நகரத்து யொகான் யாக்கோப் சார், வூட்டம்பேர்க் நாட்டுக் கிறிஸ்தோப் சுவைட்சர் போன்றோர் 17 ஆம் நூற்றாண்டில் இலங்கையிற் சேவை புரிந்து, ஊர் திரும்பித் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டனர். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வூட்டம்பேர்க் கோமகன் கார்ல் ஒயிகன் திரட்டி விற்ற படைப்பிரிவின் ஒரு பகுதியும் இத்தீவிற்கு வந்தது. ஆதலின், இலங்கைக் கோட்டைகளில் லஸ்கரீனின் கங்காணியும் ஜேர்மானியச் சார்ஜனும் ஒரே மதிலின் நிழலிற் காவல் நின்ற காலம் ஒன்று உண்டு. அவ்விரு மரபுகளையும் ஒப்பிடுவது இதனாற் பொருத்தமாகின்றது.

ஜேர்மானியரின் கீழ்நிலைப் பதவிகள் 16 ஆம் நூற்றாண்டின் ‘லான்ட்ஸ்க்னெக்ட்’ எனப்பட்ட கூலிப்படைகளில் உருப்பெற்றன. அவற்றுட் சிறு கூட்டத்தின் பெயர் ‘றொட்ட’. அதன் தலைவன் றொட்மைஸ்டர். அணிவகுப்பை ஒழுங்கு செய்தவன் பெல்டுவேபல். ‘வைபல்’ என்பது முதலில் நீதிமன்றச் சேவகனையும் ஊர்ச் சேவகனையும் குறித்த சொல்லாகும். ஊர்ப் பதவியின் பெயர் அங்கே படைக்குள் நுழைந்தது. காவற் கடமையினின்று விலக்குப் பெற்ற பழைய வீரன் கெபிறைட்டர் எனப்பட்டான். விடுவிக்கப்பட்டவன் என்பது அதன் பொருள்.

இவர்களினும் வியப்புக்குரியவன் கெமைன்வைபல் என்பான். இவனைத் தேர்ந்தெடுத்தோர் தளபதியர் அல்லர், சாதாரண வீரரே. சம்பளம் தவறினாலும் உணவு குறைந்தாலும் வீரரின் குறையை மேலோரிடம் எடுத்துரைப்பது இவன் கடமை. கங்காணி மேலிடத்தின் கண் எனின், கெமைன்வைபல் கீழோரின் வாய் எனலாம். அரசுகள் நிலையான படைகளை அமைத்தபோது வாய் அடைக்கப்பட்டது. கண் மட்டும் எஞ்சியது. தேர்தல் ஒழிந்து, மேலிருந்து நியமிக்கும் வழக்கமே நிலைத்தது.

இதன் கொடிய முடிவை 20 ஆம் நூற்றாண்டு கண்டது. முதலாம் உலகப்போரின் தோல்விக்குப்பின் ஜேர்மனியில் அரசின் படைக்குப் புறம்பான ஆயுதக் குழுக்கள் பல தோன்றின. 1921 இல் அமைந்த நாசிக் கட்சியின் எஸ். ஏ. என்னும் படையும், 1925 இல் அமைந்த எஸ். எஸ். என்னும் படையும் அவ்வழியில் வந்தன. இவை படைத்துறைக்குரிய பெல்டுவேபல் முதலிய பெயர்களை விடுத்து, றொட்டன்பியூரர், ஷார்பியூரர் எனப் புதுப்பெயர்களைச் சூட்டின. றொட்ட என்பதும் ஷார் என்பதும் சிறு கூட்டத்தைக் குறிக்கும் பழஞ்சொற்கள். பியூரர் என்பது தலைவன். பெயரிலே பழைய தோழமை மணந்தது. நடைமுறையிலோ தலைவனின் சொல்லுக்குக் கீழோர் மறுசொல் கூறாதிருத்தலே முறையாயிற்று. சின்னஞ்சிறு கூட்டத்தின் தலைவனும் தன்னினும் கீழோருக்கு ஒரு பியூரராக நின்று, மேலோனுக்கு அஞ்சிக் கொடுமைகளை நிறைவேற்றினான். 1945 இல் அப்படைகளும் அவற்றின் பதவிகளும் ஒருங்கே ஒழிக்கப்பட்டன.

உயர்ந்த பெயர், தாழ்ந்த படி

1795 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் மட்டக்களப்புக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. சென்னையிலிருந்து வந்த அவரது படையோடு சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக் என்னும் மற்றொரு பதவி வரிசையும் இந்நாட்டில் அறிமுகமாயிற்று. அவற்றுட் கடைசி இரண்டும் சார்ஜனுக்கும் கோப்ரலுக்கும் நேரானவை. அவில்தார் என்பது ஒப்படைக்கப்பட்ட பொறுப்பைத் தாங்குபவன் எனப் பொருள்படும். நாயக் என்பது தலைவனைக் குறிக்கும் நாயக என்னும் வடசொல்லின் வழிவந்தது. 1739 முதல் 1815 வரை கண்டியிற் சிங்காசனம் ஏறிய அரசமரபுக்கும் நாயக்கர் என்பதே பெயர். ஒரே சொல் மலைநாட்டில் முடிதரித்திருக்க, கரைநாட்டிற் சிப்பாய்ப் படையின் அடிப்படியில் நின்றது.

இது தனி நிகழ்ச்சியன்று. கோப்ரல் என்னும் சொல்லின் வேரும் இத்தாலிய மொழியிலே தலை எனப் பொருள்படும். கொன்ஸ்தாபிள் என்பது ஒருகாலத்தில் அரசனின் குதிரைலாயத்துக்கு அதிபதியான பெருமகனைக் குறித்தது. இன்று பொலிஸ் படையின் முதற்படியைக் குறிக்கின்றது. சார்ஜன் என்பது மட்டும் தொடக்கத்திலேயே பணிவுடைய பெயர். சேவை செய்பவன் என்பதே அதன் இலத்தீன் மூலம். பெயர்கள் தாழ்வதற்குக் காரணம் உண்டு. ஆட்சி விரியுந்தோறும் பெருந்தலைவர் ஊரைவிட்டு விலகுகின்றனர். ஊரிலே தலைவன் எனக் காணப்படுபவன் கீழ்ப்படியில் உள்ளவனே. எனவே தலைமையைக் குறிக்கும் சொல்லும் அவனிடமே தங்கிவிடுகின்றது.

இக்கீழ்ப்படியினரின் சுமை எத்தகையது என்பதை 1804 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று காட்டும். பல திசைகளிலிருந்தும் ஒரே காலத்திற் கண்டியைத் தாக்குவதென ஆங்கிலேயர் திட்டமிட்டுப் பின்னர் அதனைக் கைவிட்டனர். ஆயினும், அனுப்பப்பட்ட கட்டளையின் வாசகம் தெளிவாய் அமையாமையால், மட்டக்களப்பில் இருந்த கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் செப்டெம்பர் 20 இற் புறப்பட்டான். அவனோடு சென்றவர் சுமார் 300 போர்வீரரும் நூற்றுக்கணக்கான சுமைகாரரும். ஒக்டோபர் 6 இற் கண்டியை அடைந்தபோது வேறெந்தப் படையும் அங்கு வந்திருக்கவில்லை. பகைவர் சூழ்ந்த காடுகளினூடாகப் பின்வாங்கி, ஒக்டோபர் 20 இல் எஞ்சியோர் திருகோணமலையை அடைந்தனர். ஜோன்ஸ்டன் 1810 இல் அவ்வரலாற்றை நூலாக வெளியிட்டுப் புகழ் எய்தினான். ஒரு தாளில் நேர்ந்த பிழையைத் தம் கால்களாற் சுமந்த கீழ்நிலையினரின் பெயர்களோ மறைந்தன. அக்காலத்துப் படைகளுக்குச் சுமைகாரரைத் திரட்டிக் கொடுத்தல் ஊர்த்தலைவரின் கடமையாய் இருந்தமையையும் இங்கு நினைத்தல் வேண்டும்.

ஒரு முகாந்திரப் பட்டம்

கீழ்நிலைப் பதவியை வழங்குவது சிறு செயல் எனக் கருதுவோர்க்கு 1817 ஆம் ஆண்டின் வெல்லச நிகழ்ச்சி தக்க பாடமாகும். மட்டக்களப்பு நாட்டின் மேற்கெல்லையை அடுத்தது வெல்லச. அங்கு வாழ்ந்த முஸ்லிம்கள் பொதிமாட்டுத் தவளங்களாற் கரைநாட்டுக்கும் மலைநாட்டுக்கும் இடையே வாணிகம் நடத்தியவர். கண்டியரசு ஆங்கிலேயர் வசமானபின், அவருள் ஒருவரான ஹாஜி மரிக்காரைத் தேசாதிபதி பிறவுன்றிக்கின் அரசாங்கம் முகாந்திரமாக நியமித்தது. அதனால் அங்குள்ள முஸ்லிம்கள் மில்லேவ திசாவையின் அதிகாரத்தினின்றும் விலக்கப்பட்டனர். வழிவழி வந்த தலைமையின் ஒரு துண்டைக் கத்தரித்துப் புதிய பட்டம் ஒன்றுக்குத் தைத்தமை போன்றது இச்செயல்.

அதன் விளைவு பெரிது. ஹாஜி மரிக்கார் பிடிக்கப்பட்டு உயிரிழந்தார். அதனை விசாரிக்கச் சென்ற பதுளை உதவி வதிவிட அதிகாரி வில்சன் 1817 செப்டெம்பரில் அம்பெய்து கொல்லப்பட்டான். எதிர்ப்பு ஊவா எங்கும் பரவியது. அதனை அடக்கச் சென்ற கெப்பெட்டிப்பொல எதிர்ப்பாளருடன் சேர்ந்து அவர்க்குத் தலைவனாகி, 1818 நவம்பர் 26 இல் மரணதண்டனை பெற்றான். வயல்களும் ஊர்களும் எரியூட்டப்பட்டு வெல்லச பாழாயிற்று. எதிர்ப்புக்கு வேறு பல காரணங்களும் இருந்தன என்பது உண்மையே. எனினும், தீப்பொறியாய் அமைந்தது ஒரு முகாந்திரப் பட்டம். பதவியைத் தந்தவனுக்கு அது நிருவாக வசதி, பெற்றவனுக்குப் பெருமை, இழந்தவனுக்கு அவமானம், ஊர்மக்களுக்கோ அழிவு.

போர்க்களத்திலிருந்து வயல்வெளிக்கு

கண்டியரசு மறைந்தபின் லஸ்கரீன் படைக்குப் போர்த்தொழில் இல்லாதாயிற்று. லஸ்கரீன்கள் அலுவலகச் சேவகராகவும் ஊர்வலத்தில் முன்செல்வோராகவும் மாறினர். 1832 இல் இராசகாரியக் கட்டாய ஊழியம் நீக்கப்பட்டது. பதவிப் பெயர்களோ மறையவில்லை. அவை புதிய இடங்களைத் தேடிக்கொண்டன. முதலியார், முகாந்திரம் என்பன தேசாதிபதி வழங்கும் கௌரவப் பட்டங்களாயின; 1956 ஆம் ஆண்டோடு அவற்றை வழங்கும் வழக்கம் முடிவுற்றது. ஆராச்சி சிங்கள ஊர்களின் தலைமைக்காரனானான். கங்காணி மலையகத்துக் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றான். தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்து, அவரது வேலையையும் கடனையும் தன் கையில் வைத்திருந்த பெரிய கங்காணி, படைக் கங்காணியினும் வலியவன் ஆனான். தொழிலாளரைக் கடனாற் பிணைத்த ‘துண்டு’ முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கண்காணிப்பவன் என்னும் சொல் துன்பத்தின் பெயராகவும் மாறக்கூடும் என்பதற்கு மலையகமே சான்று.

மட்டக்களப்பு வாவிநாட்டிற் கதை வேறு வகையாய்ச் சென்றது. ஆங்கிலேயர் பற்றுக்களின் தலைவருக்கு வன்னியனார் என்னும் பழம்பெயரையே வைத்து, அவர்க்குக் கீழ் உடையாரையும் விதானைமாரையும் அமர்த்தினர். 1946 இல் வன்னியனாரின் இடத்துக்குக் காரியாதிகாரிகளும், 1963 இல் ஊர்த் தலைமைக்காரரின் இடத்துக்குக் கிராமசேவகர்களும் வந்தனர். இவற்றுக்கெல்லாம் புறம்பாக வயல்வெளியிலே மற்றொரு பதவி வளர்ந்தது. அதுவே வட்டவிதானை.

1856 இல், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், நீர்ப்பாய்ச்சல் பற்றிய பழைய ஊர்வழமைகளுக்குச் சட்டவலிமை தரப்பட்டது. அக்காலத்திலேயே இறக்காமம், அம்பாறைக் குளங்களும் திருத்தப்பட்டன. அவ்வழமைகளின்படி வயற்சொந்தக்காரரும் செய்கைக்காரரும் கூடி விதைப்புக் காலத்தையும் வேலியடைப்பையும் நீர் முறையையும் தீர்மானிப்பர். அவற்றை நடத்துவிக்க ஒருவரைத் தெரிந்தெடுப்பர். அவருக்குரிய ஊதியம் அரசாங்கச் சம்பளம் அன்று. களத்திற் கிடைக்கும் நெற்பங்கு. நடுநிசியில் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்கு நீர் திருப்புவோனைக் கண்டுபிடிப்பதும் அவர் வேலை. கடைக்கண்ட வயலுக்கு நீர் எட்டவில்லை என்று மேலதிகாரியிடம் முறையிடுவதும் அவர் வேலை. ஆணைப் பத்திரத்தின் அதிகாரம் அன்று, அயலாரின் ஒப்புதலே அவரது வலிமை. ஒருவரிடமே கண்ணும் வாயும் அமைந்தமை இப்பதவியின் சிறப்பாகும். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பணியைப் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கு மாற்றியது. ஆயினும் வட்டவிதானையார் என்னும் சொல் வாவிக்கரை மக்கள் வழக்கில் மறையாது நிலைபெற்றது.

1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இவ்வாவியின் துறைகளிலும் பாலங்களிலும் ஆயுதந் தாங்கியோர் பல திறத்தவராய் நின்றனர். வீட்டை விட்டுச் சென்றவன் மாலையில் திரும்புவானா என்பது பெரும்பாலும் தளபதியின் முடிவைப் பொறுத்ததன்று. சாவடியில் நின்ற கீழ்நிலையாளன் ஒருவனின் முகக்குறிப்பைப் பொறுத்தது. ஆணை பெறாத தலைவனின் கையில் எத்துணைப் பெரிய ஆணை உறைகின்றது என்பதை அக்காலத்து மக்கள் நூல்களின்றியே கற்றனர்.

படைப்பதவிகளின் பெயர்கள் மொழி விட்டு மொழி தாவும், நாடு விட்டு நாடு செல்லும், உயர்ந்தவை தாழும், களத்திற் பிறந்தவை வயலில் வாழும். பெயரை யார் சூட்டினார் என்பதைவிட, அதனைத் தாங்கியவன் யாருக்குப் பொறுப்புச் சொன்னான் என்பதே வரலாற்றில் அவனது மதிப்பை அளக்கும் கோலாகும். மேலோருக்கு மட்டும் பொறுப்புச் சொன்ன ஷார்பியூரரின் பெயரை அவன் நாட்டவரே வெறுத்து ஒதுக்கினர். தன் வெளியின் கடைசி வயலுக்கும் பொறுப்புச் சொன்ன வட்டவிதானையின் பெயரைச் சட்டம் நீக்கியும் மக்கள் நீக்கவில்லை.